எடைக்குப் போகும் முன்

ஒரு பித்தளை அண்டாவுக்கு இரண்டு விலை உண்டு. தராசில் ஏற்றிக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் விலை ஒன்று. அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, சுத்தியல் தடத்தைத் தடவிப் பார்த்து, எந்த வீட்டில் யாருடைய கல்யாணத்துக்கு அடுப்பேறியது என்று கேட்டறிந்தவர் மனத்தில் எழும் விலை மற்றொன்று. பழம்பொருள் தேடுகிறவர்களுக்கு மலிவாக ஏதேனும் கிடைக்கிறதென்றால், அது இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில்தான் கிடைக்கிறது. வீட்டைக் காலி செய்கிறவர்களும் காயலான் கடைக்காரர்களும் முதல் விலையில் பேசுகிறார்கள். பெருநகரத்துப் பழம்பொருள் அங்காடிகள் இரண்டாவது விலைக்கும் மேலே பேசுகின்றன. எடைக்குப் போய் உலையில் ஏறிவிட்டால் அந்த இரண்டாவது விலைக்கே இடமில்லாமல் போய்விடும் என்பதால், இந்தத் தேடலைப் பணம் மிச்சம் பிடிக்கும் வழியாக மட்டும் நான் கருதுவதில்லை. காரைக்குடிப் பக்கமும் சென்னையிலும் புதுச்சேரியிலும் பல காலமாகத் தேடிவருவதில் கண்டும் கேட்டும் அறிந்தவற்றைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பழம்பொருள் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. அந்தத் தெருவுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால், எதை எங்கே தேட வேண்டும் என்பதும் பாதி விளங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் என்ற செட்டிநாட்டுச் செட்டியார்கள், ஈட்டிய பொருளைச் சொந்த ஊரில் வீடாகவும் பெண்மக்களுக்குச் சீராகவும் கொட்டினார்கள். பர்மாவின் தேக்கு, இத்தாலியின் சலவைக்கல், பெல்ஜியத்தின் நிலைக்கண்ணாடி, சுவீடனின் மங்குச் சாமான் (மங்கு பூசிய இரும்புப் பாத்திரம்), ஜப்பானின் பூவோடு (சுவரில் பதிக்கும் பூப்போட்ட ஓடு) என்று கப்பல் கப்பலாக வந்திறங்கின. சீராகக் கொடுத்த பாத்திரங்கள் ஒவ்வோர் அளவிலும் பல உருப்படிகளாக இருந்ததால், அவற்றில் பெரும்பகுதி அடுப்பையே பாராமல் உள்ளறைகளில் பூட்டிக் கிடந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த முதலீடு நொறுங்கியது. 1960-களில் பர்மிய அரசு வங்கிகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியபோது எஞ்சியதும் போயிற்று. வீடுகள் மட்டும் நின்றன. தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பெருகி, கூரை ஓடு ஒன்றை மாற்றுவதற்குக்கூடப் பலரைக் கேட்க வேண்டிய நிலை வந்தபின், ஆள் குடியிராத வீடுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. முதலில் பாத்திரங்கள் போகும். அடுத்துப் படங்களும் கடிகாரங்களும் போகும். கடைசியில் நிலையும் கதவும் தூணும் பெயர்ந்து போகும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் இப்போது கொள்ளை மலிவு என்று எதுவும் கிடைப்பதில்லை. வெளிநாட்டினரும் விடுதி நடத்துகிறவர்களும் திரைப்படத்துக்கு அரங்கம் அமைக்கிறவர்களும் வந்து போகும் தெரு அது. கடைக்காரர்கள் கண்ணைப் பார்த்தே விலை சொல்லக் கற்றவர்கள். அங்கும் மலிவாகக் கிடைக்கக் கூடியவை, ஜோடியிழந்தவையும் மூடி தொலைந்தவையும்தான். நான்கு அடுக்குத் தூக்கில் ஓர் அடுக்கு காணவில்லை என்றாலோ, கூஜாவுக்குத் திருகுமூடி இல்லை என்றாலோ, அதன் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அந்த மூடி இன்னொரு கடையின் பின்கட்டில், வேறு உதிரிகளோடு ஒரு கூடையில் கிடக்கக் கூடும். பொறுமை உள்ளவருக்கு அந்தக் கூடைகளே சுரங்கம்.

உண்மையான மலிவு வீடுகளில்தான் இருக்கிறது. தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்து ஊர்களில் ஒரு வீடு கலைகிறது என்றால், பங்காளிகள் தங்களுக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வியாபாரி ஒருவர் வந்து எஞ்சியதற்கு ஒட்டுமொத்தமாக ஒரு விலை பேசுவார். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஒன்றிரண்டு நாள்கள்தான் நம்மைப் போன்றவர்களுக்கு உரியவை. சென்னையிலும் இதே கதைதான்: மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு பழைய வீட்டை அடுக்குமாடி கட்டுவதற்குக் கொடுத்துவிட்டால், வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டிய நாள் தலைக்கு மேல் தொங்கும், அந்த அவசரத்தில் பரணிலிருந்து இறங்குவதெல்லாம் அப்படியே பழைய பேப்பர்காரரின் வண்டிக்குப் போகும். வீடு கலையும் செய்தி விளம்பரத்தில் வராது. தெருமுனைத் தேநீர்க் கடை, தச்சர், வெள்ளையடிப்பவர், சுமை ஏற்றும் வண்டிக்காரர் ஆகியோரிடம் நாம் இன்னது வாங்குகிறவர் என்று சொல்லி வைத்திருந்தால் மட்டுமே நம் காதுக்கு எட்டும்.

இப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பித்தளையும் வெண்கலமும் எடை போட்டு முடிந்திருந்தன. சுவரோரம் வட்டமான ஒரு பர்மா அரக்குப் பெட்டி கிடந்தது. மூங்கிலைச் சன்னமாகச் சீவிப் பின்னி, அதன் மேல் அரக்குச் சாற்றை அடுக்கடுக்காகப் பூசி, கூர்முனையால் கீறி வண்ணம் ஏற்றிய வேலை அது. விரலால் விளிம்பை மெல்ல அழுத்தினால் உள்ளே வாங்கி மீண்டு வந்தது. நல்ல மூங்கில் பின்னலுக்கு அந்த இளக்கம் இருக்கும். கையில் எடுத்தால் கனமே இல்லை. "இது எடைக்கு நிக்காது தம்பி, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் ஆச்சி. "ஆச்சி, இது ரங்கூன் பக்கத்துச் சாமான், கடையில நல்ல விலைக்கு விக்கிறாங்க" என்றேன். "எங்க அப்பச்சி கொண்டாந்ததுதான்; அப்ப நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்றார். காரைக்குடிக் கடையில் கேட்கும் விலையில் ஏறக்குறைய பாதியைச் சொன்னேன், அவர் சம்மதித்தார்.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. கடைக்காரரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். அவருக்குப் பொருளின் விலை தெரியும், கட்டுப்படியாகாவிட்டால் கொடுக்க மாட்டார். வீட்டாரிடம் வாங்கும்போது நிலைமை வேறு. தம்மிடம் இருப்பது இன்னதென்று அறியாத ஒரு மூதாட்டியிடம் அறிந்த ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்குவது வியாபாரத் திறமை ஆகாது. பொருள் இன்னதென்று சொல்லிவிட்டு வாங்கினாலும் கடையைவிட மலிவாகவே கிடைக்கும். அடுத்த வீடு கலையும்போது அவர்களே நம்மை அழைப்பார்கள் என்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

அரக்குப் பெட்டி இன்னொன்றையும் காட்டியது. எடை இல்லாத பொருளுக்கு அந்த முதல் விலையே கிடையாது. ஆகவே மிகப் பெரிய மலிவு உலோகத்தில் இல்லை. காகிதத்திலும், அரக்கிலும், கண்ணாடியிலும், மரத்திலும், இசைத்தட்டிலும் இருக்கிறது. எனினும் பெரும்பாலோர் பித்தளையில்தான் தொடங்குகிறார்கள் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

பழைய தவலை, குடம், அண்டா ஆகியவை ஒரே தகட்டில் உருவானவை அல்ல. கழுத்தையும் வயிற்றையும் தனித்தனியே அடித்து, விளிம்புகளைப் பல் பல்லாக வெட்டி ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைத்திருப்பார்கள். பாத்திரத்துக்குள் கையை விட்டுத் தடவினால் அந்தப் பற்கோடு விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் நிறம் சற்று மாறித் தெரியும். இயந்திரத்தில் சுழற்றி இழுத்த புதிய பாத்திரத்தில் இந்த இணைப்பு இராது. மெல்லிய வட்டக் கோடுகள் ஒரே சீராக ஓடும். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். புழங்கிய பாத்திரம் அடிவிளிம்பிலும், கைபிடிக்கும் இடத்திலும், மூடி வந்து உட்காரும் வாயிலும் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே அளவு மங்கி, பள்ளம் மேடு எல்லாவற்றிலும் ஒரே பச்சை படிந்திருந்தால், அமிலத்தில் முக்கிப் பழமை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அந்தப் பச்சை துணியோடு வந்துவிடும். சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. மேலே பித்தளை முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம் கலந்திருப்பதால், விரலால் சுண்டினால் ஓசை நீண்டு கேட்கும். கீறல் விட்ட வெண்கலப் பானையின் ஓசை சட்டென்று அறுந்துவிடும்.

பாத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதன் கழுத்திலோ விளிம்பிலோ வெட்டியிருக்கும் பெயர். உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதிய எழுத்துகள் அவை. செட்டிநாட்டுப் பாத்திரங்களில் பாட்டன், தந்தை பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக இருக்கும். மற்ற ஊர்ப் பாத்திரங்களில் பெண்ணின் பெயரும், சில சமயம் கல்யாணத் தேதியும் இருக்கும். தேதி இருந்தால் வேறு சான்றே தேவையில்லை. தேதி இல்லாவிட்டாலும் எழுத்து வடிவமே ஓரளவு பேசும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் நடைமுறைப்படுத்தும் வரை, லை, ளை, ணை, னை ஆகிய எழுத்துகளைத் தலைக்கு மேல் வளைந்த கொக்கியோடுதான் பெரும்பாலோர் எழுதினார்கள். பெரியார் தம் இதழ்களில் 1930-களிலேயே புதிய வடிவைக் கொண்டுவந்துவிட்டார் என்றாலும், பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரின் கைக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே "நூறு வருஷத்துச் சாமான்" என்று கடைக்காரர் நீட்டும் செம்பில் இன்றைய வடிவ லை வெட்டியிருந்தால், அந்தப் பெயராவது பிற்காலத்தது என்று துணிந்து சொல்லலாம். பழைய வடிவம் இருப்பது மட்டும் பழமைக்கு முழுச் சான்றாகாது. பழைய பழக்கத்தில் எழுதியவர்கள் 1978-க்குப் பின்னும் இருந்தார்கள். பெயரைத் தேய்த்து அழித்துவிட்டால் பாத்திரம் பளிச்சென்று விலை போகும் என்று எண்ணிச் சிலர் சாணை பிடித்து விற்கிறார்கள். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கான ஒரே தடயம் அந்தச் சாணையில் போய்விடுவதை நினைக்கும்போது எனக்குத் தாங்குவதில்லை.

படி, உழக்கு, ஆழாக்கு ஆகியவற்றையும் இப்படியே படிக்கலாம். ஆய்வாளர்கள் சரிபார்த்து முத்திரை குத்திய தடங்கள் விளிம்பில் வரிசையாக இருக்கும். புழங்கிய படியில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட விழுந்திருக்கும். 1956-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. லிட்டர் என்று பொறித்த படி அதற்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. எவர்சில்வர் வந்த காலத்தில் நம் தாய்மார்கள் பித்தளையை எடைக்குப் போட்டுப் பதிலுக்கு எவர்சில்வர் வாங்கியபோது, படிகள் அரிசிப் பானைக்குள் கிடந்ததால் பல வீடுகளில் தப்பிவிட்டன. இன்றும் வீட்டு விற்பனைகளில் அவை கிடைக்கின்றன.

மங்குச் சாமானும் கண்ணாடியும் தம் வயதைத் தாமே அடியில் எழுதிக்கொண்டு வருபவை. செட்டிநாட்டு வீடுகளில் நீலமும் பச்சையும் வெள்ளையுமாக அடுக்கியிருக்கும் மங்குத் தட்டு, வாளி, தூக்கு ஆகியவற்றில் பல சுவீடனின் காக்கம்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அடியில் நாட்டின் பெயரோடு முத்திரை இருக்கும். விளிம்பில் கொஞ்சம் மங்கு தெறித்து இரும்பு தெரிவது குறையாகாது, புழங்கியதற்கு அடையாளம். ஆனால் உட்புறத்தில் தெறித்திருந்தால் அதில் உணவு வைக்கக் கூடாது. கண்ணாடிச் சாமானில் செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால், அந்த நாடு 1918-இல்தான் பிறந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஜப்பான் பீங்கானில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற பொருள்படும் ஆங்கில முத்திரை இருந்தால், அது இரண்டாம் உலகப்போருக்குப் பின் நேச நாடுகளின் பிடியில் ஜப்பான் இருந்த காலத்தது. அந்தக் காலம் 1952-இல் முடிந்தது. சுவரிலிருந்து பெயர்த்த பூவோடுகளைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். முன்பக்கத்துப் பூவை இன்று யாரும் அச்சடித்துவிடலாம். பின்பக்கத்துப் புடைப்பெழுத்தும், அதன் பள்ளங்களில் இறுகிப்போன பழைய சுண்ணாம்பும் அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

வெள்ளி என்று சொல்லி விற்பதில் மட்டும் ஒரு சொல் எச்சரிக்கை. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை. அதில் வெள்ளி இல்லை. இ.பி.என்.எஸ். என்ற முத்திரை இருந்தால் அந்தக் கலவையின் மேல் வெள்ளி முலாம் பூசியது என்று பொருள்.

மரத்துக்கு வருவோம். பெயர்த்த வீடுகளின் தேக்கு ஏராளமாகக் கிடைப்பதால், பழைய மரத்தில் புதிதாகச் செதுக்கி, பழைய வேலை என்று விற்பது வழக்கமாகிவிட்டது. மரம் பழையது என்பதில் பொய் இல்லை, வேலைதான் நேற்றையது. இதைக் கண்டுபிடிக்கப் பூச்சித்துளைகளைப் பாருங்கள். மரத்தை அரிக்கும் வண்டு வெளியேறும்போது மேற்பரப்பில் வட்டமான சிறு துளை விடும். மரத்துக்குள் அது குடைந்த பாதை நீளவாக்கில் ஓடும். செதுக்கிய இதழின் மேலோ யாளியின் முகத்தின் மேலோ, வட்டத் துளைக்குப் பதிலாக வாய்க்கால் திறந்தாற்போல் நீளமான பள்ளம் தெரிந்தால், வண்டு அரித்து முடித்த பிறகுதான் உளி அங்கே இறங்கியிருக்கிறது. பெட்டிகளிலும் மேசைகளிலும் திருகாணியைப் பாருங்கள். சிலுவைத் தலைத் திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. 'பாட்டனார் காலத்துக் கணக்குப்பெட்டி'யின் கீலில் அது இருந்தால், பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது பெட்டியே பின்னாளையது. கீலைக் கழற்றச் சொல்லி, அடியில் வேறு துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பலகையைப் பார்க்க வேண்டும். முகப்பை அலங்கரிக்கிறவர்கள் அடிப்பலகையை மறந்துவிடுகிறார்கள். ஒட்டுப்பலகை அங்கேதான் அகப்படும்.

படங்களில் ரவிவர்மா அச்சுப்படங்கள்தாம் எல்லோரும் தேடுபவை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பின்னர் லோணாவளாவுக்கு அருகே இடம் மாறியது, சில ஆண்டுகளில் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போயிற்று, 1972-இல் தீக்கிரையானது. அந்தப் படங்கள் கல்லச்சில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லாகப் பதிக்கப்பட்டவை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, லட்சுமியின் கன்னத்தையோ சரசுவதியின் கையையோ பாருங்கள். பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கையால் இட்டவைபோல் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். ஒரு வண்ணத்தின் ஓரம் அடுத்த வண்ணத்தை விட்டு மயிரிழை விலகியிருப்பதும் உண்டு. இன்றைய மறு அச்சில் நான்கு வண்ணப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகச் சேர்ந்து நிற்கும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு ஒருநாளும் ஏமாற மாட்டீர்கள். செட்டிநாட்டில் இந்தப் படங்களின் மேல் சரிகையும் ஜிகினாவும் மணியும் தைத்து உடுத்தியிருப்பார்கள். அந்தத் தையல் அந்த வீட்டுப் பெண்கள் செய்தது. சட்டத்துக்காகப் படத்தை வாங்கி உள்ளே வேறு படம் மாட்டும் கடைகளில், கழற்றி எறிந்த பழைய படங்கள் சட்டத்தைவிட மலிவாகக் கிடைக்கும்.

கடிகாரத்தையும் கிராமபோனையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, புதியவர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பதைத் தவிர. அன்சோனியா என்ற அமெரிக்க நிறுவனம் 1929-இல் தன் இயந்திரங்களை சோவியத் நாட்டுக்கு விற்றுவிட்டு மறைந்தது. ஆனால் அந்தப் பெயரை முகத்தில் தாங்கிய கடிகாரங்கள் இன்றும் புத்தம் புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. உள்ளேயிருக்கும் இயந்திரத்தில் பொறித்த பெயரும் முகத்தட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; பின்பலகையில் வேறோர் இயந்திரம் பொருந்தியிருந்த துளைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப்படமும் கொண்ட பெட்டிக் கிராமபோன்களில், சந்தையில் கிடைப்பவை ஏறக்குறைய அனைத்தும் புதிதாகக் கோத்தவை. இசைத்தட்டு அப்படியில்லை. கிட்டப்பா, சுந்தராம்பாள் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் பழைய சாமான் குவியலில் யாரும் சீந்தாமல் கிடக்கின்றன. விளக்கொளியில் சாய்த்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழுவும்போது சாராயம் கலந்த திரவம் எதையும் தொடாதீர்கள், தட்டு அரக்கால் ஆனது என்பதால் கரைந்துவிடும்.

சந்தை என்றால் சென்னையில் மூர் மார்க்கெட்தான். 1900-இல் திறந்த அந்தச் செந்நிறக் கட்டடம் 1985 மே மாதத்தில் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. மூர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்த காகிதத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மனிதரே சாட்சி. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தபோது, அங்கே பழைய புத்தகக் கடைகளில் நூல்களையும் இதழ்களையும் வாங்கத் தொடங்கினார். ஊர் திரும்பிய பின்னும் நிறுத்தவில்லை. நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் என்று பிறர் கிழித்தெறிந்த தாள்களையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், லட்சத்தை எட்டும் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் இங்கேயே நூலகமாக நிலைக்கச் செய்தது. அதுவே 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எடைக்குப் போடும் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொண்டு கட்டைப் பிரித்துப் பார்க்கிறேன். புதுச்சேரியின் ஞாயிறு சந்தை பெரும்பாலும் துணிமணிச் சந்தை. ஆனாலும் நடைபாதை ஓரத்தில் பழைய பூட்டு, பிரெஞ்சுப் பெயர் எழுதிய பீங்கான், நாணயம் ஆகியவற்றைப் பரப்பியிருப்பவர்கள் உண்டு. விடிந்ததும் போகிறவருக்கே அங்கு நல்லது கிடைக்கும்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாதவை சில இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்கள் தொல்பொருளாகும். சுவடிகளுக்கு 75 ஆண்டே போதும். அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லத் தனியாருக்கு அனுமதி இல்லை. சிலை, ஓவியம், சுவடி போன்ற வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். சாமி சிலைகளை ஒருபோதும் தொடாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு 2014-இல்தான் திரும்பி வந்தார். அந்தப் பயணமும் ஏதோ ஒரு மலிவு விலைக்குக் கை மாறியதில்தான் தொடங்கியிருக்கும். விளக்கிலோ மணியிலோ தாம்பாளத்திலோ 'உபயம்' என்ற எழுத்து இருக்கிறதா என்று அடிப்பீடம் வரை திருப்பிப் பாருங்கள். உபயம் என்று இருந்தால் அது ஒரு கோயிலுக்குக் கொடுத்த பொருள். அதை விற்க யாருக்கும் உரிமையில்லை. தந்தப் பொருள் எதுவாயினும் விலகிவிடுங்கள், வனவிலங்குச் சட்டம் அதன் வணிகத்தைத் தடை செய்கிறது. ஓலைச்சுவடிக் கட்டு கண்ணில் பட்டால், அழகுக்கு மாட்ட வாங்காமல், சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்கும்படி வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பேரத்தைப் பொறுத்தவரை, வேண்டிய பொருளை முதலில் கையில் எடுக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். நான்கைந்து பொருள்களைச் சேர்த்து ஒட்டுமொத்தமாக விலை கேட்பதே எனக்குக் கைகொடுத்த முறை. தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை ஏறும், சேர்த்துக் கேட்டால் கடைக்காரர் தம் மனத்தில் உள்ள மொத்தத்தைச் சொல்லிவிடுவார். சில்லறை நோட்டாகப் பணம் வைத்திருங்கள். விலை படிந்தவுடன், "அண்ணே, இது எந்த ஊர் வீட்டுச் சாமான்?" என்று கேளுங்கள். படிவதற்கு முன் கேட்டால் கதையாக வரும். படிந்த பின் கேட்டால் பெரும்பாலும் உண்மை வரும். அந்த ஊர்ப் பெயரையும் வாங்கிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வைத்துவிடுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பித்தளையைப் புளியும் சாம்பலும் இட்டு, தேங்காய் நார் இல்லாமல் மெல்லிய துணியால் தேய்த்தால் போதும். இரண்டு மூன்று முறை தேய்த்தபின் பெயரெழுத்துகளின் புள்ளிகளுக்குள் இருந்த அழுக்கு மட்டும் கறுப்பாக நின்று, எழுத்து தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். அந்தக் கறுப்பை எடுக்காதீர்கள். சமைப்பதற்குப் பயன்படுத்துவதானால் உட்புறத்துக்குப் புதிதாக ஈயம் பூசியே ஆக வேண்டும், பூச்சில்லாத பித்தளையில் புளிப்பான எதுவும் களிம்பேறும். பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் பாத்திரக் கடைக்காரர்களிடம் விசாரித்தால் ஆள் கிடைக்கும். பூசக் கொடுக்கும்போது, "பெயர் வெட்டின இடத்தில் அடிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.